நாள் குறித்தலும் நாள் தள்ளலும்: ககன்யான் திட்டக் காலத்தாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

2019ஆம் ஆண்டில் தமிழாசிரியர் பயிற்சிப் பட்டறை ஒன்றிற்காக நாம் தொகுத்த வாசிப்புப் பகுதியில், 2022ஆம் ஆண்டு இந்திய வீரர்கள் இந்தியக் கலத்திலேயே விண்வெளிக்குச் செல்வர் என்னும் தொடர் இடம்பெற்றிருந்தது. அதனை எழுதியபோது எமக்கு ஐயம் ஏதும் எழவில்லை. இந்தியப் பிரதமரே ஆண்டு குறித்திருந்தார். அமைச்சரவையும் ஒப்புதல் அளித்திருந்தது. 2022 வந்தது, சென்றது. அப்பகுதியைத் தம் வகுப்பில் பயன்படுத்திவந்த ஆசிரியர் ஒருவர் அவ்வாண்டின் இறுதியில், "ஆண்டை மாற்றிவிடட்டுமா, தொடரையே நீக்கிவிடட்டுமா?" என்று எம்மை வினவினார். 2024 என்று மாற்றச் சொன்னோம். அதுவும் பொய்த்தது.

இக்கட்டுரை அவ்வாசிரியரின் வினாவிலிருந்து பிறந்ததாகும். மனிதரைச் சுமந்து செல்லும் விண்கலங்கள் குறித்த நாளில் புறப்படாமை பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, காலத்தாழ்வை நாட்டின் இயலாமையாகக் கண்டு நாணுவது; மற்றொன்று, அதனை அயல்நாட்டுச் சதியாகக் கண்டு சினப்பது. இரண்டும் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றன. தள்ளிப்போன அந்நாளை முதலில் குறித்தவர் யார்? தள்ளியவர் யார்? இவ்விருவரும் ஒருவர் அல்லர் என்பதே நாம் இங்கு நிறுவ முயல்வது. நம் வழக்கில் திருமணத்திற்கு நாள் குறிப்பவர் ஒருவர். பந்தல் போடுபவர் வேறொருவர். பந்தல் எழவில்லையென்றால் நாள் பார்த்தவரை எவரும் கேட்பதில்லை.

மூன்று நாள்கள்

2018 ஆகஸ்ட் 15ஆம் நாள் செங்கோட்டையில் ஆற்றிய விடுதலை நாள் உரையில் பிரதமர் நரேந்திர மோடி, நாடு விடுதலை பெற்று 75 ஆண்டுகள் நிறையும் 2022க்குள் இந்தியக் கலம் இந்தியர் ஒருவரை விண்வெளிக்கு ஏற்றிச் செல்லும் என அறிவித்தார். இந்நாள் விழாவிலிருந்து பிறந்த நாள். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் அமைச்சரவை 9,023 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தபோது, ஒப்புதல் நாளிலிருந்து 40 மாதங்களுக்குள் வீரர்கள் பயணம் செய்ய வேண்டும் என்று வரையறுத்தது. அதன்படி கணக்கிட்டால் 2022 ஏப்ரல் வருகிறது. இஃது அலுவலகத்திலிருந்து பிறந்த நாள். 2019 ஜனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைவர் கே. சிவன் வெளியிட்ட அட்டவணையில், 2020 டிசம்பரில் முதல் ஆளில்லாப் பயணம், 2021 ஜூலையில் இரண்டாவது, 2021 டிசம்பரில் வீரர்களுடன் பயணம் என்றிருந்தது.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்குங்கால் வியப்பான உண்மை ஒன்று புலனாகும். அரசியல் தலைவர் குறித்ததைவிட அமைச்சரவை குறித்த நாள் நெருக்கமானது. அதனைவிட அறிவியல் நிறுவனத்தின் தலைவர் குறித்தது இன்னும் நெருக்கமானது. அரசியலின் அழுத்தம் மேலிருந்து கீழாக இறங்கும்போது தளர்வதில்லை, இறுகுகிறது. கீழே இருப்பவர், மேலே சொன்ன நாளுக்குள் முடிய வேண்டுமென்றால் தாம் சற்று முன்னதாகவே முடிக்க வேண்டும் எனக் கருதுகிறார். அதில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும், முழு அளவில் ஆளில்லாமல் ஒருமுறையேனும் பறந்திராத கலத்திற்கு மூன்றாண்டு கால எல்லை என்பது பொறியியல் கணக்காக இருந்திருக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம்.

முன்னரும் தள்ளிய நாள்கள்

2018இல்தான் இக்கதை தொடங்கியது எனக் கொள்வது பிழை. 1984 ஏப்ரல் 3ஆம் நாள் ராகேஷ் சர்மா சோவியத்தின் சோயுஸ் டி-11 கலத்தில் பைக்கானூரிலிருந்து சென்றார். அதனையடுத்து அமெரிக்க விண்ணோடத்தில் இந்தியர் ஒருவரை அனுப்பும் ஏற்பாடு நடந்தது. என். சி. பட், பி. ராதாகிருஷ்ணன் நாயர் ஆகிய இருவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். இன்சாட்-1சி செயற்கைக்கோளோடு அவர்களுள் ஒருவர் செல்வதாக இருந்தது. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் வெடித்துச் சிதறியதும் அவ்வாய்ப்பு மறைந்தது. செயற்கைக்கோள் 1988இல் ஐரோப்பாவின் ஏரியான் ஏவுகலத்தில் ஏறிச் சென்றது; மனிதர்தாம் செல்லவில்லை.

2006 நவம்பரில் பெங்களூரில் கூடிய அறிவியலாளர்கள் மனித விண்பயணத் திட்டத்தை ஆதரித்தனர். 2007 ஜனவரி 10ஆம் நாள் அனுப்பப்பட்ட சிறு கலமொன்று 12 நாள்கள் சுற்றிவந்து, 22ஆம் நாள் வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. சுற்றுப்பாதையிலிருந்து ஒரு பொருளைச் சிதையாமல் திருப்பிக் கொணர இந்தியா கற்றுக்கொண்டது அப்போதுதான். 2009இல் ஏறத்தாழ 12,400 கோடி ரூபாய் மதிப்பீடும், 2015ஐ ஒட்டிய காலக்குறிப்பும் பேசப்பட்டன. ஆனால் 2010 ஏப்ரல் 15, டிசம்பர் 25 ஆகிய இரு நாள்களிலும் ஜிஎஸ்எல்வி ஏவுகலம் அடுத்தடுத்துத் தோல்வியுற்றது. வீரரைச் சுமக்க வேண்டிய ஏவுகல மரபே கடலில் விழுந்துகொண்டிருக்கையில் வீரரைப் பற்றிப் பேச எவருக்கும் துணிவில்லை. முழுத் திட்டத்திற்கான ஒப்புதல் வரவில்லை. அடிப்படைத் தொழில்நுட்பங்களை உருவாக்க மட்டும் பணம் ஒதுக்கப்பட்டது.

அந்த அரசியல் அமைதி ஒருவகையில் நன்மை செய்தது. எவரும் நாள் கேட்காத அக்காலத்தில், 2014 டிசம்பர் 18ஆம் நாள் எல்விஎம்3 ஏவுகலத்தின் முதற் சோதனைப் பறப்பில் ஆளில்லாத வீரர் கலமொன்று 126 கிலோமீட்டர் உயரம் சென்று, அந்தமானுக்கருகே கடலில் இறங்கியது. 2018 ஜூலை 5ஆம் நாள் ஏவுதளத்திலிருந்தே கலத்தைப் பிய்த்தெடுத்து அப்பால் கொண்டுசெல்லும் தப்பிப்பு அமைப்பு ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. செங்கோட்டை அறிவிப்பு வந்தது அதற்கு ஆறு வாரங்களுக்குப் பின்னர். அறிவிப்பிற்கு அடித்தளமாக நின்றவை எல்லாம் அறிவிப்பில்லாத காலத்தில் செய்யப்பட்டவை.

மகேந்திரகிரியின் வினாடிகள்

நாளைத் தள்ளுவது எவ்விடத்தில் நிகழ்கிறது? திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரி அதற்குச் சிறந்த சான்றாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் எஞ்சின்கள் சோதனை மேடையில் கட்டப்பட்டு எரிக்கப்படுகின்றன. அவை எங்கும் பறப்பதில்லை. எரிகின்றன, அளக்கப்படுகின்றன, பிரித்துப் பார்க்கப்படுகின்றன, மீண்டும் எரிகின்றன.

செயற்கைக்கோளை ஏற்றிச்செல்லும் எஞ்சினே மனிதரையும் ஏற்றிச்செல்லலாமே என்னும் ஐயம் நம் மாணவர்களுக்கு எழுவதுண்டு. எஞ்சின் அதுவேதான்; அதன்மீது வைக்கப்படும் நம்பிக்கையின் அளவு வேறு. எல்விஎம்3 ஏவுகலத்தின் மேற்கட்டத்தை இயக்குவது, திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் சிஇ-20 என்னும் கிரையோஜெனிக் எஞ்சின். 2023இல் நிலவுக்குச் சென்ற சந்திரயான்-3ஐச் சுமந்ததும் இவ்வகை எஞ்சினே. ஆயினும் மனிதப் பயணத்திற்கு அதன் தகுதியை நிறுவ நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்துச் சோதித்தனர். குறைந்தது 6,350 வினாடிகள் எரிந்திருக்க வேண்டும் என்பது விதி. 8,810 வினாடிகள் எரித்தனர். நிலவுப்பயணம் வெற்றி பெற்ற பின்னரும் இச்சோதனை வரிசை முடிய 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. நடுக்கட்டத்தின் விகாஸ் எஞ்சினை 2021 ஜூலை 14ஆம் நாள் இதே வளாகத்தில் 240 வினாடிகள் இடைவிடாது எரித்தனர். பக்கங்களில் பொருத்தப்படும் திட எரிபொருள் ஊக்கி 2022 மே 13ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் 135 வினாடிகள் எரிக்கப்பட்டது. பூமிக்குத் திரும்பக் கலத்தைத் திசைதிருப்பும் சேவைக்கலத்தின் உந்துவிசை அமைப்பு, 350 வினாடி முழுநீளச் சோதனையோடு மகேந்திரகிரியில் தகுதி பெற்றது 2025 ஜூலையில்.

இவ்வாண்டுகளைக் கவனிக்க வேண்டும். செங்கோட்டையில் குறித்த 2022 கடந்த பின்னரே இவற்றுள் இன்றியமையாத சில முடிந்தன. 2020இல் வந்த பெருந்தொற்றும் தன் பங்கைச் செய்தது: உதிரிகள் செய்யும் தொழிற்சாலைகள் மூடின, ரஷ்யாவில் 2020 பிப்ரவரியில் பயிற்சி தொடங்கிய நான்கு விமானப்படையினரும் சில வாரங்கள் பயிற்சியின்றி இருக்க நேர்ந்தது. ஆனால் பெருந்தொற்றின்மேல் முழுப்பழியையும் சுமத்துவது எளிய வழி. வினாடிகளின் கணக்கைப் பார்த்தால், பெருந்தொற்று வராதிருந்தாலும் 2022 நிறைவேறியிராது என்றே தோன்றுகிறது.

தர மறுத்தவையும் செய்துகொண்டவையும்

அயல்நாட்டு அழுத்தம் பற்றிய பேச்சை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. 1991இல் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு கிரையோஜெனிக் எஞ்சினுக்கும் அதன் தொழில்நுட்பத்திற்கும் இந்தியா ஒப்பந்தம் செய்தது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி அமெரிக்கா 1992 மே மாதத்தில் இரு நிறுவனங்கள்மீதும் தடை விதித்தது. சோவியத் கலைந்தபின் பொருளாதாரத்தில் தள்ளாடிய ரஷ்யா பணிந்தது. எஞ்சின்களைத் தந்து, தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. 1994 நவம்பரில் கிரையோஜெனிக் பிரிவில் பொறுப்பிலிருந்த நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். அக்குற்றச்சாட்டு பொய்யென மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் கண்டது. 2018 செப்டம்பர் 14ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அக்கைதுதான் எஞ்சினைத் தாமதப்படுத்தியது என்பாரும் உளர். ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி வேறு. ஓர் எஞ்சினின் காலத்தாழ்வு வேறு. முன்னது ஐயத்திற்கு இடமற்றது. பின்னதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல உள. 2010 ஏப்ரலில் உள்நாட்டு எஞ்சின் முதன்முதலாகப் பறந்தபோது, எரிபொருளை உந்தும் சுழற்பம்பு நின்றமையே தோல்விக்குக் காரணம். அவ்வெஞ்சினோடு வெற்றி கிட்டிய நாள் 2014 ஜனவரி 5.

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பின் அதே நிகழ்வு வேறொரு பொருளில் மீண்டது. கலத்தினுள் வீரர் மூச்சுவிடக் காற்றும், ஏற்ற வெப்பமும், ஈரப்பதமும் காக்கும் உயிர்காப்பு அமைப்பை அயல்நாடுகளிடமிருந்து பெறலாம் என எண்ணியிருந்ததாகவும், எவரும் தர முன்வராமையால் தாமே உருவாக்க முடிவுசெய்ததாகவும் இஸ்ரோவின் அன்றைய தலைவர் எஸ். சோமநாத் 2023 டிசம்பரில் பொதுமேடையில் தெரிவித்தார். எம் நோக்கில் ககன்யான் வரலாற்றின் முதன்மையான கூற்றுகளுள் இஃது ஒன்று. திட்டம் ஒப்புதல் பெற்று ஐந்தாண்டுகள் சென்றபின், வீரர் உயிர்வாழத் தேவையான அமைப்பு எங்கிருந்து வரும் என்னும் அடிப்படை வினாவிற்கு அப்போதுதான் விடை முடிவானது. இதனைச் சதி என்பதா? தமக்கு அருமையாய்க் கிடைத்ததைப் பிறர்க்கு எந்நாடும் எளிதில் தருவதில்லை. தருவர் என நம்பி 40 மாத எல்லை வகுத்ததே கணக்குப் பிழை.

அவசரத்தின் விலை

குறித்த நாளைக் காப்பாற்றியவர்களின் வரலாற்றையும் ஈண்டு நோக்க வேண்டும். சோயுஸ் வகைக் கலம் 1966 நவம்பரில் முதன்முறை ஆளின்றிப் பறந்தபோது கட்டுப்பாட்டை இழந்தது. டிசம்பரில் அடுத்தது ஏவுதளத்திலேயே அழிந்தது. 1967 பிப்ரவரியில் மூன்றாவது, ஏரல் கடல் பகுதியில் இறங்கிப் பனிக்கட்டியின் ஊடே மூழ்கியது. மூன்றும் பழுதுற்ற பின்னரும் ஏப்ரல் 23ஆம் நாள் விளாதிமிர் கொமரோவ் ஏற்றப்பட்டார். அவ்வாண்டு சோவியத் புரட்சியின் பொன்விழா ஆண்டு. நிலவுப் போட்டியில் அமெரிக்கா முந்திக்கொண்டிருந்த ஆண்டுமாகும். மறுநாள் வான்குடை விரியாமல் கலம் தரையில் மோத, கொமரோவ் மாண்டார். இம்மரணத்தைச் சுற்றிக் கதைகள் பல உலவுகின்றன. அவற்றை நாம் இங்கு எடுத்தாளவில்லை. மூன்று தோல்விகளும் ஒரு விழா ஆண்டும் போதுமானவை.

சேலஞ்சர் நிகழ்வோ இன்னும் நுண்மையானது. எமது முனைவர் பட்ட ஆய்வுக்காலத்தில் அயல்நாட்டு நூலகம் ஒன்றில், எம் துறைக்குத் தொடர்பில்லாத ரோஜர்ஸ் ஆணைய அறிக்கையைப் பொழுதுபோக்காக எடுத்து வாசிக்கத் தொடங்கி இரு நாள்கள் அதிலேயே செலவிட்டோம். ஜனவரி 22ஆம் நாள் புறப்பட வேண்டிய விண்ணோடம் பலமுறை தள்ளிப்போய் 28ஆம் நாளை எட்டியது. 27ஆம் நாள் இரவு, திட எரிபொருள் ஊக்கியைச் செய்த தயோக்கோல் நிறுவனப் பொறியாளர்கள், அக்குளிரில் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் வேலை செய்யாமற் போகலாம் எனத் தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்தனர். அந்நிறுவன மேலாளர்கள் முதலில் அதனை ஏற்றுப் பின்னர் மாறினர். 28ஆம் நாள் இரவு அமெரிக்க அதிபரின் நாடாளுமன்ற உரை நிகழவிருந்தமையால் வெள்ளை மாளிகை நெருக்கியது எனப் பலர் நம்பினர். ஆணையம் அவ்வாறான வெளியழுத்தத்திற்குச் சான்றில்லை என்றது. மாறாக, ஆண்டுக்கு 24 பயணங்கள் என்னும் இலக்கை நோக்கி 1985இல் ஒன்பது பயணங்களை நிகழ்த்திய அமைப்பின் உள்ளேயே அழுத்தம் ஊறியிருந்ததைக் காட்டியது. எவரும் ஆணையிடாமலே எல்லோரும் விரைந்தனர். 2018, 2019ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் நாள்கள் மூன்றும் அடுத்தடுத்து இறுகியதை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

இந்தியாவில் அவ்விறுக்கம் கலத்தை ஏவச் செய்யவில்லை. 2022 விழா கலமின்றியே நடந்தேறியது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விடை, வீரர் பாதுகாப்பே முதன்மையானது எனக் கூறி 2024இன் இறுதிக் காலாண்டைக் குறித்தது. அரசு தான் குறித்த நாளைத் தானே கைவிட்டதைப் பெரிய செயலாகவே கருதுகிறோம். அதற்குக் கிட்டாத பாராட்டு வருத்தம் தருவது. ஆயினும் அதனோடு ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு முறையும் புதிய நாள் சொல்லப்பட்டதேயன்றிப் பழைய நாள் ஏன் தவறியது என்னும் விரிவான கணக்கு பொதுமக்கள்முன் வைக்கப்படவில்லை. 2023 அக்டோபரில், ககன்யான் இன்னும் பறவாத நிலையில், 2035இல் விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என மேலும் இரு நாள்கள் குறிக்கப்பட்டன. 2024 செப்டம்பரில் திட்டத்தின் எல்லை விரிக்கப்பட்டு, 2028 டிசம்பருக்குள் எட்டுப் பயணங்கள் என, செலவு 20,193 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. விரிந்த எல்லைக்கு எவ்வளவு, காலத்தாழ்வுக்கு எவ்வளவு என்று பிரித்தறிய முயலும் வரலாற்று மாணவர் அமைச்சரவை அறிவிப்பில் வழி காணார்.

2023 அக்டோபர் 21ஆம் நாள் காலை நடந்த தப்பிப்பு அமைப்புச் சோதனை இதற்கு விலக்கு. எட்டு மணிக்குரிய ஏவுதல் வானிலையால் சற்றே தள்ளியது. பின்னர் ஐந்து வினாடிகள் எஞ்சியிருக்கையில் கணினி தானே நிறுத்தியது. நேரலையில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. சோமநாத் உடனே மக்கள்முன் வந்து, எஞ்சின் எதிர்பார்த்தபடி இயங்கத் தொடங்கவில்லை, காரணத்தை ஆராய்கிறோம் என்றார். பத்து மணிக்குக் கலம் புறப்பட்டது. ஆண்டுகளாய்த் தள்ளிப்போன நாள்களுக்குக் கிட்டாத விளக்கம் அந்த இரண்டு மணி நேரத்திற்குக் கிட்டியது.

விலைக்கு வாங்கிய இருக்கை

மலேசியர்களாகிய நமக்கு இவ்வரலாறு வேறொரு கோணத்தில் அறிமுகமானது. 2007 அக்டோபர் 10ஆம் நாள் இரவு, அக்காலத்தில் மாணவராயிருந்த நாம் பினாங்கில் நண்பர்களோடு தொலைக்காட்சிமுன் அமர்ந்து ஷேக் முஸாபார் ஷுக்கோர் சோயுஸ் கலத்தில் புறப்பட்டதைக் கண்டோம். 11,000க்கும் மேற்பட்ட விண்ணப்பதாரருள் இறுதி நால்வரில் ஒருவராய் வந்த பொறியாளர் வனஜா சிவா தெரிந்தெடுக்கப்படாததைப் பற்றித் தமிழர் வீடுகளில் அவ்விரவும் பேச்சிருந்தது. அவ்விருக்கை, 2003இல் மலேசியா 18 சுகோய் போர்விமானங்களை வாங்கிய ஒப்பந்தத்தின் பயனாய்க் கிட்டியது. அஃது இந்நாட்டு விடுதலையின் பொன்விழா ஆண்டு. இங்கும் விழாவே நாளின் பின்னணி. ஆனால் நாள் தவறவில்லை. தவறாமைக்குக் காரணம் எளிது. சோயுஸ் தன் காலத்தாழ்வுகளையும் மரணங்களையும் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே செலுத்தித் தீர்த்திருந்தது. இருக்கை வாங்குபவர் பிறருடைய தாமதங்களையும் சேர்த்தே வாங்குகிறார். அப்போதும் முழு உறுதி இல்லை: ஷேக் முஸாபார் திரும்பிவந்த கலம் வழக்கத்தினும் செங்குத்தான பாதையில், குறித்த இடத்திற்கு வெகுதொலைவில் இறங்கியது.

இந்தியாவும் இருக்கை ஒன்றை வாங்கியது. ககன்யானுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட நால்வருள் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025இல் அமெரிக்காவின் ஆக்ஸியம்-4 பயணத்தில் செல்லவிருந்தார். மே 29 என்றிருந்த நாள் ஜூன் 8, 10, 11 எனத் தள்ளியது. பால்கன்-9 ஏவுகலத்தில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரியவந்தது. அங்கிருந்த இந்தியக் குழுவின் தலைவர் வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையில் பிறந்து, கிரையோஜெனிக் எஞ்சின்களோடு தம் பணிக்காலத்தைக் கழித்து, அவ்வாண்டு ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானவர். அவருடைய ஊர்ப்பெயரோடு நம் இதழ்கள் பல நின்றுவிடுகின்றன. அவர் அங்குச் செய்ததே நம் கவனத்திற்குரியது. கசிவை முழுமையாகச் சரிசெய்து சோதித்த பின்னரே ஏவ வேண்டும் என இந்தியக் குழு வற்புறுத்தியதாகவும், ஆராய்ந்தபோது குழாயில் விரிசல் காணப்பட்டதாகவும் அவர் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். பிறர் ஏவுகலத்தில், பிறர் மண்ணில், விலை கொடுத்த விருந்தினராய் நின்றுகொண்டு நாளைத் தள்ளச் சொல்வதற்கு மகேந்திரகிரியில் எரித்த வினாடிகள் துணைநின்றிருக்க வேண்டும்.

பின்னர் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலேயே காற்றுக்கசிவு ஒன்று ஆராயப்பட வேண்டியிருந்தமையால் நாள் மேலும் தள்ளியது. ஜூன் 25ஆம் நாள் சுக்லா புறப்பட்டார். ஜூலை 15ஆம் நாள் திரும்பினார். ஆகஸ்ட் 24ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவுக்கருகே, ஏறத்தாழ 4.8 டன் எடையுள்ள போலிக் கலமொன்றை ஹெலிகாப்டரிலிருந்து விழச்செய்து ககன்யானின் வான்குடைகளைச் சோதித்தனர், அவை விரிந்தன. அவ்வாண்டு டிசம்பருக்குள் என்று சொல்லப்பட்டிருந்த முதல் ஆளில்லாப் பயணம் அவ்வாண்டிற்குள் நிகழவில்லை. எம் வாசிப்புப் பகுதியில் அத்தொடர் இன்னும் இருக்கிறது. ஆண்டிருந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, அவ்விடத்தில் இதுவரை எழுதி அடிக்கப்பட்ட ஆண்டுகளைப் பக்க ஓரத்தில் மாணவரே வரிசையாகக் குறிக்குமாறு அவ்வாசிரியரிடம் சொல்லியிருக்கிறோம்.